முகம் பார்த்துத் திறக்கும் கம்ப்யூட்டர்: எங்கெல்லாம் ஓட்டை விடுகிறோம்?

சேலத்தில் ஒரு வீட்டில் காதணி விழா என்றால் பத்திரிகைக்கு முன்பே ஃபிளெக்ஸுக்கு ஆர்டர் போய்விடும். மண்டப வாசலிலும் தெருமுனையிலும் தாய்மாமனில் தொடங்கி பங்காளி வீட்டுப் பிள்ளைகள் வரை எல்லார் முகமும் பளிச்சென்று நிற்கும். போதாததற்கு வாட்ஸ்அப் டிபி வேறு. நம் முகம் ஊருக்கே தெரிந்த சங்கதி. பாஸ்வேர்டு வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியாது. லேப்டாப்பில் முக லாகின் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுவதிலிருந்துதான் மற்ற தவறுகள் கிளம்புகின்றன.

அதற்காக முக லாகினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்கிறவர், எதிரே நாலு பேர் நிற்கும்போது பாஸ்வேர்டு தட்டுவதைவிட முகம் காட்டித் திறப்பது எவ்வளவோ மேல். விரலைப் பார்த்து மனப்பாடம் செய்ய அங்கே எதுவும் இல்லை. ஒழுங்காக அமைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கேமரா. விண்டோஸில் பாஸ்வேர்டுக்குப் பதிலாக முகம், கைரேகை அல்லது பின் நம்பரால் திறக்கும் வசதிக்கு விண்டோஸ் ஹலோ என்று பெயர். அதன் முக அடையாளத்துக்குச் சாதாரண வெப்கேம் போதாது, அகச்சிவப்புக் கதிரில் பார்க்கும் ஐஆர் கேமரா வேண்டும். உங்கள் லேப்டாப்பில் அது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதற்குள் சைன்-இன் ஆப்ஷன்ஸ் போய்ப் பாருங்கள். ஃபேஷியல் ரெகக்னிஷன் என்ற இடத்தில், பொருத்தமான கேமரா இல்லை என்று வந்தால் இல்லைதான். பல லேப்டாப்களில் லாகின் ஆகும் நேரத்தில் கேமராவுக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கும். முகத்தின்மேல் ஐஆர் ஒளியை அடிக்கும் விளக்கு அது. போன் திரையில் காட்டும் போட்டோ அந்த ஒளியில் முகம்போலத் தெரியாது. ஃபிளெக்ஸில் இருக்கும் முகத்தை வைத்து உங்கள் கம்ப்யூட்டரைத் திறக்க முடியாமல் போவதற்குக் காரணம் இந்தக் குட்டி விளக்குதான்.

ஐஆர் கேமரா இல்லை என்றதும் சிலர் செய்வது, சாதாரண வெப்கேமிலேயே முக லாகின் தருகிறேன் என்று சொல்லும் ஏதோ ஒரு மென்பொருளை இறக்கிப் போடுவது. அது பார்ப்பது வெறும் கலர் படம். நல்ல போட்டோ ஒன்று போதும், ஏமாந்துவிடும். ஐஆர் இல்லையென்றால் பின் நம்பரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது கைரேகை ரீடர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

ஐஆர் இருந்தாலும் அத்தோடு தீர்ந்தது என்று இருக்கக் கூடாது. 2017-ல் ஜெர்மனியைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர்கள், ஐஆரில் எடுத்த முகப் படத்தை லேசர் பிரிண்டரில் அச்சடித்துக் காட்டியே விண்டோஸ் 10-ஐத் திறந்து காட்டினார்கள். புதிய பதிப்பில் அந்த வழியை அடைத்தாலும், பழைய பதிப்பில் பதிந்த முகத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிய வேண்டும் என்று அவர்களே எச்சரித்தார்கள். லேப்டாப் வாங்கிய அன்று பதிந்த முகத்தோடு வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். பெரிய அப்டேட் வந்தபின் ஒருமுறை ரிமூவ் கொடுத்து மறுபடி பதிவது இரண்டு நிமிட வேலை. இன்னும் விண்டோஸ் 10-லேயே இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

2021-ல் வேறொரு வழி வெளியே வந்தது. கேமராபோல நடிக்கும் ஒரு யுஎஸ்பி கருவியைச் செருகி, உரியவரின் ஐஆர் படத்தை அதன்வழியே ஊட்டி உள்ளே போய்க் காட்டினார்கள். மைக்ரோசாஃப்ட் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. நமக்கு இதில் பாடம், வெளியிலிருந்து செருகும் கேமராவை லாகினுக்கு நம்பாதிருப்பது. விண்டோஸ் 11-ல் அதே சைன்-இன் ஆப்ஷன்ஸ் பக்கத்தின் கீழே, வெளிக் கேமரா அல்லது கைரேகை ரீடர் வழியாக லாகின் செய்ய அனுமதிக்கும் ஒரு சுவிட்ச் சில லேப்டாப்களில் இருக்கும். அதை ஆன் செய்தால் முகத் தகவலைத் தனியாகக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு அணைந்துவிடும். ஆஃபிலேயே இருக்கட்டும்.

இனி ஏற்காட்டு விஷயம். அங்கே மழை பிடித்தால் கரண்ட் போகும், மதியம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி அறை இருண்டுவிடும். முன்பெல்லாம் கும்மிருட்டிலும் ஐஆர் கேமரா வேலை செய்தது. 2025 ஏப்ரல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, ஐஆரோடு கலர் கேமராவுக்கும் முகம் தெரிய வேண்டும் என்று ஆகிவிட்டது. ஆள்மாறாட்டத்தைத் தடுக்கத்தான் அந்த மாற்றம். உடனே ஒரு குறுக்குவழி பரவியது: டிவைஸ் மேனேஜரில் கலர் கேமராவை முடக்கிவிட்டால் இருட்டிலும் திறக்கும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வந்து தங்குகிறவர்களின் ஆதார் நகல்களை ஹோம்ஸ்டே லேப்டாப்பில் சேர்த்து வைத்திருக்கிறவர் இதைச் செய்தால், போட்ட திருத்தத்தைத் தன் கையாலேயே கழற்றுகிறார் என்று அர்த்தம். மேஜையில் ஒரு சார்ஜ் விளக்கு வைத்துக்கொள்ளலாம். இல்லையா, பின் நம்பரைத் தட்டிவிட்டுப் போகலாம்.

முக்கியமான இடம் இந்தப் பின்தான். முகம் பொருந்தாவிட்டால் என்ன ஆகிறது? பின் கேட்கிறது. அப்படியென்றால் உங்கள் கம்ப்யூட்டரின் பலம் அந்த நம்பரின் பலம்தான், முகத்துடையது அல்ல. உள்ளே நுழைய நினைப்பவன் ஐஆர் படமெல்லாம் தேடிக்கொண்டு இருக்க மாட்டான். வாசலில் டிஎன் 30 என்று தொடங்கும் பைக் நிற்கும், அதன் கடைசி நாலு எண்தான் பின். அல்லது கல்யாண வருடம், அல்லது பிள்ளையின் பிறந்த தேதி. நான் பார்த்த கடைகளிலும் வீடுகளிலும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

தப்பான பின்னைத் திரும்பத் திரும்பப் போட்டால், லேப்டாப்பிற்குள் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப் பூட்டிக்கொள்ளும். விண்டோஸில் வழக்கமாக 32 தவறுக்குப் பிறகு. அதனால் பத்தாயிரம் எண்ணையும் வரிசையாகப் போட்டுப் பார்க்க முடியாது. ஆனால் உங்களைத் தெரிந்தவனுக்கு 32 வாய்ப்பு தாராளம். பின் மாற்றும் பெட்டியிலேயே எழுத்துகளும் குறியீடுகளும் சேர்க்க ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டு, எட்டு எழுத்துக்குக் குறையாமல் வையுங்கள். தினமும் முகம் காட்டித்தான் திறக்கப் போகிறீர்கள், பின் நீளமாக இருந்தால் என்ன கஷ்டம்? மறந்துபோகாமல் இருக்க வாரம் ஒருமுறை பின் போட்டுத் திறங்கள், போதும். அப்புறம், மறந்த பின்னை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வழியாக மாற்றிக்கொள்ளலாம் என்பதால், அந்த அக்கவுண்டின் பாஸ்வேர்டும் இரட்டைச் சரிபார்ப்பும் சரியாக இருக்க வேண்டும்.

வீட்டில் எல்லாருக்கும் ஒரே அக்கவுண்ட், அதுவும் எல்லா உரிமையும் உள்ள அட்மின் அக்கவுண்ட் என்பது அடுத்த வழக்கம். 2025-ல் பிளாக் ஹாட் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு மாநாட்டில் ஜெர்மன் ஆய்வாளர்கள், நிறுவனங்களுக்கான விண்டோஸ் ஹலோவில் அட்மின் உரிமை கிடைத்தவர் சேமித்த முகத் தகவலை மாற்றிவைத்து, ஒருவர் அக்கவுண்டை இன்னொருவர் முகத்தால் திறக்கலாம் என்று காட்டினார்கள். மேலே சொன்ன கூடுதல் பாதுகாப்பு இருந்தால் அது நடக்காது. இருந்தாலும் கேம் இறக்கும் பிள்ளைக்கு அட்மின் உரிமை எதற்கு? ஆளுக்கு ஒரு சாதாரண அக்கவுண்ட் போட்டுக் கொடுங்கள்.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வைத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் ஹவுடி என்ற மென்பொருளைப் போட்டு முக லாகின் கொண்டுவருகிறார்கள். இது பாஸ்வேர்டு அளவுக்குப் பாதுகாப்பானது அல்ல, நல்ல பிரிண்ட் போட்டோவோ உங்கள் சாயலில் ஒருவரோ போதும் என்று அதை எழுதியவர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். முகம் சிக்கவில்லை என்று அதன் செட்டிங்ஸில் செர்ட்டன்டி எண்ணை, அதாவது முகம் எவ்வளவு பொருந்த வேண்டும் என்ற அளவை, ஏற்றாதீர்கள். வழக்கமாக 3.5 இருக்கும், எண் கூடக்கூடக் கட்டுப்பாடு தளரும். அட்மின் உரிமையோடு வேலை செய்யவைக்கும் சூடோ கட்டளைக்கும் முகத்தைச் சேர்த்துவிட்டால், நீங்கள் திரை முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பதே சம்மதம் ஆகிவிடும். ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் பின்னணியில் சூடோ கேட்டால் உங்கள் முகம் தானாகத் தலையாட்டிவிடும்.

இன்னொன்று, முகத்தால் நுழைந்தபின், சேமித்த பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் கீரிங் தனியாகப் பாஸ்வேர்டு கேட்கும். அந்தத் தொல்லை வேண்டாமென்று கீரிங் பாஸ்வேர்டைக் காலியாக விடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். விட்டால் அதில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் டிஸ்கில் பூட்டில்லாமல் கிடக்கும். ஒருமுறை கூடுதலாகத் தட்டுவது எவ்வளவோ பரவாயில்லை.

இவ்வளவும் செய்துவிட்டு டிஸ்கை என்கிரிப்ட் செய்யாமல், அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டாமல், விட்டால் பிரயோஜனம் இல்லை. லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கிறோம், உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் முகமும் கேட்காது, பின்னும் கேட்காது. விண்டோஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஆன் செய்யும்போது வரும் 48 இலக்க ரெகவரி கீயை (வேறு வழியில் திறக்காதபோது பூட்டைத் திறக்கும் எண்) அதே லேப்டாப்பில் சேமிக்காதீர்கள். காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவில் வையுங்கள்.