உப்பு ஒளிந்திருந்த இடம்

போன வருடம் எனக்கு ரத்த அழுத்தம் 138/88 என்று வந்தது. மூன்று மாதம் சாப்பாட்டைச் சரிசெய்து பாருங்கள் என்றார் மருத்துவர். சமையலில் உப்பைக் குறைத்தேன். பெரிதாக ஒன்றும் இறங்கவில்லை. அப்புறம்தான் சூப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். பொடி எழுத்தில், ஒரு கிண்ணத்துக்கு சோடியம் 800 மில்லிகிராம். சோடியத்தை உப்புக் கணக்கில் மாற்ற 2.5ஆல் பெருக்கினால், உப்பு 2 கிராம்! உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாள் அளவே 5 கிராமுக்குள்தான்.

சூப், சாஸ், சிப்ஸ் மூன்றையும் விட்டேன். பதிலுக்குப் பழம், காய்கறி, பருப்பு. அவற்றிலுள்ள பொட்டாசியம் சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உதவும். (சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள்.) இரண்டு வாரம் எல்லாமே சப்பென்று இருந்தது, பிறகு நாக்கு பழகிவிட்டது. மூன்றாம் மாதம் 124/78.