சிறுநீரகப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை: முன்கணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுநீரகத்தில் இருக்கும் புற்றுநோய்க் கட்டியை அறுவைச் சிகிச்சை மூலம் அகற்றுவது என்று முடிவானதும், நோயாளியும் குடும்பத்தாரும் மருத்துவரிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இதற்குப் பிறகு எப்படி இருக்கும்?" கேள்வி ஒன்றாகத் தோன்றினாலும் அதற்குள் நான்கு கேள்விகள் அடங்கியுள்ளன. அறுவையின்போதும் அதையடுத்த வாரங்களிலும் சிக்கல் நேருமா, எஞ்சும் சிறுநீரகத் திசு போதிய அளவு இயங்குமா, புற்றுநோய் மீண்டும் தலைகாட்டுமா, நோயாளி எவ்வளவு காலம் உயிர்வாழ்வார் என்னும் இவை நான்கையும் கணிக்கத் தனித்தனி முறைகள் உள்ளன. ஒரு கேள்விக்காக உருவான கணக்கைக் கொண்டு இன்னொன்றுக்கு விடை தேடுவதே முன்கணிப்பில் நேரும் தவறுகள் பலவற்றுக்கும் வேர்.

2009ஆம் ஆண்டு வெளியான 'ரீனல்' மதிப்பெண் இதற்கு நல்ல சான்று. கட்டியின் விட்டம், அது சிறுநீரகத்துக்கு வெளியே எவ்வளவு துருத்தி நிற்கிறது, சிறுநீர் சேரும் உட்பகுதிக்கு எவ்வளவு அருகில் உள்ளது, எந்த இடத்தில் அமைந்துள்ளது என்பவற்றை ஸ்கேனில் பார்த்து 4 முதல் 12 வரை அது மதிப்பெண் தருகிறது. 10 அல்லது அதற்கு மேல் வந்தால், கட்டியை மட்டும் வெட்டியெடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பது கடினமான வேலை என்று பொருள். அறிக்கையில் 'அதிகச் சிக்கல்' என்று படித்துவிட்டுப் புற்றுநோயே வீரியமானது என்று கலங்குவோர் உண்டு. அந்த எண் அறுவையின் கடினத்தைச் சொல்வதற்காகவே உருவானது. இதைப் போலவே, ஹீமோகுளோபின், கால்சியம், நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள், தட்டணுக்கள், அன்றாடச் செயல்திறன், நோய் கண்டறிந்ததற்கும் மருந்துச் சிகிச்சை தொடங்கியதற்கும் இடைப்பட்ட காலம் ஆகிய ஆறையும் வைத்து ஆபத்தைப் பிரிக்கும் 'ஐ.எம்.டி.சி.' முறை, நோய் உடலெங்கும் பரவி மருந்துச் சிகிச்சை பெறுவோருக்கானது. சிறுநீரகத்துக்குள்ளேயே அடங்கிய கட்டியை அகற்றிக்கொண்டவருக்கு அதைப் பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை.

அறுவைக்கு முன் தெரிவனவற்றையும் பின் தெரிவனவற்றையும் கலப்பது இரண்டாவது தவறு. அறுவைக்குப் பின் நோய் வேறிடங்களுக்குப் பரவும் ஆபத்தைக் கணிக்கப் பரவலாகப் பயன்படும் 'லெய்போவிச்' மதிப்பெண், கட்டியின் நிலை, நிணநீர் முடிச்சுகளில் பரவல், கட்டி 10 செ.மீ. அளவை எட்டியதா என்பது, உயிரணுக்களின் தரம் (அவை இயல்பிலிருந்து எவ்வளவு மாறியுள்ளன என்பது), திசு அழுகல் (கட்டிக்குள் திசு இறந்திருப்பது) ஆகிய ஐந்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 0 முதல் 2 வரை குறைந்த ஆபத்து, 3 முதல் 5 வரை இடைநிலை, 6 அல்லது அதற்கு மேல் அதிகம். இவற்றில் தரமும் அழுகலும் அகற்றிய கட்டியை நுண்ணோக்கியில் ஆராய்ந்த பிறகே உறுதியாகும். ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து இம்மதிப்பெண்ணை ஊகிப்பது கணிப்பின் மீது இன்னொரு கணிப்பை ஏற்றுவதாகும். 4 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, அகற்றிய பின் புற்றுநோயே இல்லை என்று தெரியவருகிறது என்பதையும் அறுவைக்கு முந்தைய பேச்சில் சொல்லியாக வேண்டும்.

நோயியல் அறிக்கை கைக்கு வந்த பிறகும் கவனம் தேவை. லெய்போவிச் மதிப்பெண் 2003ஆம் ஆண்டு வெளியானது. 1970 முதல் 2000 வரை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சிறுநீரகம் முழுவதும் அகற்றப்பட்ட, 'கிளியர் செல்' வகைப் புற்றுநோய் கொண்ட 1,671 பேரின் தரவிலிருந்து அது பிறந்தது. சிறுநீரகப் புற்றுநோயின் பிற வகைகளான 'பாப்பிலரி', 'குரோமோஃபோப்' ஆகியவை வேறு போக்குடையவை. குரோமோஃபோப் வகைக்கு வழக்கமான தர எண் இடுவதையே நோயியல் நெறிமுறைகள் பரிந்துரைப்பதில்லை. பழைய ஃபர்மன் தரப்பிரிவுக்கு மாற்றாக இப்போது ஐ.எஸ்.யூ.பி. தரப்பிரிவு வந்துவிட்டது என்பதால், முந்தையதை அடிப்படையாகக் கொண்ட முறைகளில் புதிய எண்ணைப் போடும்போது இரண்டும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது. திசு அழுகல் பற்றி அறிக்கை எதுவும் சொல்லவில்லை என்றால் அதை 'இல்லை' என்று நிரப்பிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. நோயியல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீரும் விஷயம் இது.

முறையின் துல்லியத்தைச் சொல்லும் எண்ணையும் பலர் தவறாகப் படிக்கிறார்கள். 'சி-குறியீடு' 0.80 என்றால் நூற்றுக்கு எண்பது கணிப்புகள் பலிக்கும் என்று பொருளன்று. இரு நோயாளிகளை எடுத்துக்கொண்டால், முதலில் பாதிக்கப்படுபவர் யார் என்பதை அம்முறை எத்தனை முறை சரியாக வரிசைப்படுத்துகிறது என்பதையே அது காட்டுகிறது; 0.5 என்றால் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். எல்லோருடைய ஆபத்தையும் உண்மையைப் போல இரு மடங்காகச் சொல்லும் முறைகூட, வரிசை சரியாக இருந்தால் உயர்ந்த சி-குறியீடு பெற்றுவிடும். 10% என்றா 20% என்றா நோயாளியிடம் சொல்வது என்னும் இடத்தில் நமக்கு வேண்டியது, கணித்த விகிதமும் நடந்த விகிதமும் ஒத்துப்போகின்றனவா என்ற சோதனை. ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் ஓரத்தில் கிடப்பதும் அதுதான். உருவான மருத்துவமனையில் சிறப்பாக இயங்கிய முறை வெளியே வந்ததும் தடுமாறுவது வழக்கம்: 'அஷ்யூர்' என்னும் பெரிய மருந்தாய்வில் சேர்ந்த நோயாளிகளிடம் புகழ்பெற்ற முன்கணிப்பு முறைகள் பலவற்றைச் சோதித்தபோது, அவற்றின் திறன் முதலில் அறிவிக்கப்பட்டதைவிடக் குறைவாகவே இருந்தது.

இருக்கும் தரவிலிருந்து "இந்த அறுவை செய்தால் இப்படி, அந்த அறுவை செய்தால் அப்படி" என்று கணிப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது என்று நான் கருதுகிறேன். கட்டியை மட்டும் அகற்றியவர்கள் அதிகக் காலம் வாழ்கிறார்கள் என்று மருத்துவமனைப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வுகள் பல சொல்லிவந்தன. ஆனால் 5 செ.மீ. வரையிலான கட்டி உள்ள 541 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஐரோப்பிய ஆய்வில், பத்தாண்டு உயிர்வாழ்வு முழுச் சிறுநீரகமும் அகற்றப்பட்டவர்களுக்கு 81.1 சதவீதமாகவும், கட்டி மட்டும் அகற்றப்பட்டவர்களுக்கு 75.7 சதவீதமாகவும் இருந்தது. போதிய நோயாளிகள் சேராமல் முன்கூட்டியே முடிந்த அந்த ஆய்வை வைத்து முழு அகற்றலே மேல் என்று தீர்ப்பளிக்க முடியாது. ஆயினும், பதிவேடுகளில் தெரிந்த நன்மையில் ஒரு பங்கு, ஏற்கெனவே உடல்நலம் நன்றாக உள்ளவர்களையே அந்த அறுவைக்குத் தேர்ந்தெடுத்ததால் வந்தது என்ற ஐயத்தை அது வலுவாக்கியது. பரவிய நோயிலும் இதே கதைதான். 2018இல் வெளியான 'கார்மெனா' ஆய்வில், இடைநிலை அல்லது அதிக ஆபத்து கொண்டவர்களுக்கு முதலில் சிறுநீரகத்தை அகற்றிப் பிறகு சுனிடினிப் என்னும் புற்றுநோய் மருந்தைத் தந்ததைவிட, சுனிடினிப் மட்டும் தந்தது பலனில் தாழ்ந்ததாக இல்லை. நோயாளிகளில் பாதிப்பேர் உயிருடன் இருந்த காலம் (மீடியன்) முறையே 13.9, 18.4 மாதங்கள்.

வயதானவர்களுக்குக் கணிக்கும்போது புற்றுநோயை மட்டும் பார்ப்பதும் தவறு. எண்பது வயதில், இதய நோயோடு, 3 செ.மீ. கட்டி உள்ளவர் அக்கட்டியால் இறப்பதற்கு முன் வேறொரு காரணத்தால் இறக்கும் வாய்ப்பே அதிகம். பிற காரணங்களால் இறந்தவர்களை, தொடர்பு விட்டுப்போனவர்களைப் போலக் கணக்கிலிருந்து விலக்கிவிடும் வழக்கமான உயிர்வாழ்வு வரைபடமான கப்லான்-மெயர் வளைவு, புற்றுநோய் இறப்பின் ஆபத்தை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். இத்தகையோருக்குப் போட்டி ஆபத்துகளை, அதாவது பிற காரணங்களால் இறக்கும் வாய்ப்புகளை, சேர்த்துக் கணக்கிடும் முறையே பொருந்தும்.

சிறுநீரகச் செயல்பாட்டைப் பொறுத்தவரை, அறுவைக்கு முன் ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவு இயல்பாக இருக்கிறது என்ற ஒரே ஆறுதலோடு நிறுத்திவிடக் கூடாது. தசை மெலிந்தவர்களிடம் செயல்பாடு குறைந்திருந்தாலும் அந்த எண் இயல்பாகவே தெரியும். சிறுநீரகங்கள் ரத்தத்தை வடிகட்டும் மதிப்பிடப்பட்ட வீதம், சிறுநீரில் புரதம், மறுபக்கச் சிறுநீரகத்தின் நிலை, நீரிழிவு, ரத்த அழுத்தம் ஆகியவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும். மறுபுறம், வீதம் 60க்குக் கீழே இறங்குவதை டயாலிசிஸ் நெருங்கிவிட்டதாகக் கொள்வதும் தவறு: மேற்சொன்ன ஐரோப்பிய ஆய்வில் முழு அகற்றலுக்குப் பின் 85.7 சதவீதத்தினருக்கும், பகுதி அகற்றலுக்குப் பின் 64.7 சதவீதத்தினருக்கும் அவ்வாறு இறங்கியது. ஆனால் சிறுநீரகச் செயலிழப்பு வரை சென்றவர்களின் விகிதம் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

கணிப்பு எந்த நாளில் செய்யப்பட்டது என்பதும் முக்கியம். அறுவை முடிந்த வாரத்தில் சொன்ன ஐந்தாண்டு விகிதம், நோய் திரும்பாமல் மூன்று ஆண்டுகளைக் கடந்தவருக்குப் பொருந்தாது. மீள்வருகைகளில் பெரும்பகுதி முதல் சில ஆண்டுகளிலேயே நிகழ்வதால், அவருடைய எஞ்சிய ஆபத்து குறைந்திருக்கும். சிகிச்சையும் மாறிக்கொண்டே இருக்கிறது. அறுவைக்குப் பின் பெம்ப்ரோலிசுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்தைப் பெற்ற அதிக ஆபத்து நோயாளிகளில் 91.2 சதவீதத்தினரும், போலி மருந்து பெற்றவர்களில் 86.0 சதவீதத்தினரும் நான்கு ஆண்டு முடிவில் உயிருடன் இருந்தனர் என்று 2024இல் தெரியவந்துள்ள நிலையில், அம்மருந்து வருவதற்கு முந்தைய தரவில் உருவான அட்டவணையை அதைப் பெறுபவரிடம் அப்படியே படித்துக் காட்ட முடியாது. பத்தாண்டுகளுக்குப் பிறகும் இந்நோய் திரும்பியதுண்டு என்பதால், குறைந்த ஆபத்து என்று மதிப்பெண் வந்தவரும் தம் மருத்துவர் வகுத்த ஸ்கேன் கால அட்டவணையைத் தாமாகக் கைவிடக் கூடாது.