டி-டைமருக்கு வீட்டில் ரத்தம் எடுக்கும்போது

காரைக்குடி வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் சாம்பிள் எடுப்பவர்களுக்கு இது. ரத்தக்கட்டு கரையும்போது ஃபைப்ரின் உடைந்து வரும் துண்டுதான் டி-டைமர்.

நீல மூடி டியூப். உள்ளே ரத்தம் உறையாமல் தடுக்கும் 3.2 சதவீத சோடியம் சிட்ரேட். ரத்தம் 9 பங்கு, சிட்ரேட் 1 பங்கு, 0.3 மில்லி சிட்ரேட் இருந்தால் 2.7 மில்லி ரத்தம், கோடு வரை நிரம்ப வேண்டும். பட்டர்ஃபிளை ஊசி என்றால் அதன் குழாயிலுள்ள காற்று டியூபுக்குள் போய் அளவு குறைந்துவிடும். அதனால் முதலில் இன்னொரு நீல மூடி டியூபில் கொஞ்சம் எடுத்துக் கொட்டிவிடுங்கள். வேறு ரத்தப் பரிசோதனைக்கான ஊதா மூடி டியூபை நீல மூடி டியூபுக்குப் பிறகுதான் தொட வேண்டும்.

எடுத்த உடனே மூன்று நான்கு முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்புங்கள். குலுக்கினால் சிவப்பணு உடையும், திருப்பாவிட்டால் உறையும். சின்னக் கட்டி தெரிந்தாலும் மறுபடி எடுப்பதே நேர்மை.

கானாடுகாத்தானில் காலையில் எடுத்ததை சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் வைத்துக்கொண்டு பள்ளத்தூர், கோட்டையூர் என்று சுற்றி மாலையில் கொடுக்காதீர்கள். 18 முதல் 25 டிகிரிக்குள் வைத்து, 4 மணி நேரத்துக்குள் லேபில் சேருங்கள். ஐஸ் வேண்டாம்.

ரிப்போர்ட்டில் அலகைப் பாருங்கள்: எஃப்இயு (ஃபைப்ரினோஜனுக்கு ஈடாகக் கணக்கிடும் அலகு) 500 என்பது டிடியு (டி-டைமரையே கணக்கிடும் அலகு) கணக்கில் சுமார் 250. கர்ப்பம், அறுவை சிகிச்சை, தொற்று எதிலும் இது கூடும். அதனால் காலில் கட்டு இருப்பதை உறுதிசெய்ய டாப்ளர் ஸ்கேன் வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி மூச்சும் வாங்கினால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.