பின் குறியில் ஒரு மில்லிமீட்டர்

இரட்டைக்குழல் துப்பாக்கி: மேலே .22 ரைஃபிள் குழல், கீழே .410 ஷாட்கன் குழல். மிச்சிகனில் அணில் வேட்டைக்கென்று பழையதாக வாங்கினேன். 25 கஜத்தில் தோட்டா 2 அங்குலம் வலப்பக்கமே போனது. கைதான் ஆடுகிறதோ என்று மணல் மூட்டையில் தாங்கிச் சுட்டேன். அப்போதும் அதே இடம்.

இரண்டு குழலும் காலி என்பதைத் திறந்து பார்த்துவிட்டு, பின் குறியை, அதாவது குறிபார்க்க உதவும் இரண்டு பாகங்களில் கண்ணுக்கு அருகில் இருப்பதை, பித்தளைக் கம்பி வைத்து இடப்பக்கமாகத் தட்டினேன். தோட்டா போகவேண்டிய பக்கமே பின் குறி நகரவேண்டும். முன் குறி என்றால் நேரெதிர். குறிகளுக்கிடையே 18 அங்குலம், ஆகவே 25 கஜத்தில் 2 அங்குலம் திருத்த 1 மில்லிமீட்டர் போதும். முதல் தட்டிலேயே தாண்டிவிட்டது. நல்லவேளை, பென்சில் கோடு போட்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் திருப்பித் தட்டினேன்.

கீழ்க்குழலுக்குத் தனிக் குறி இல்லை. பெரிய தாளில் சுட்டுப் பார்த்தேன்: ஈயக் குண்டுகள் சற்றுத் தாழ்வாகப் பரவின. இனி அணிலின் தலைக்கு மேல்விளிம்பில் குறிவைப்பேன்.