கான்கிரீட் பழுதுக்குக் கான்ட்ராக்டர் தேடுகிறீர்களா? பூச்சைப் பற்றி அப்புறம் பேசலாம்

கார் நிற்கும் தளமோ வராந்தாவோ விரிசல் விட்டு உரியத் தொடங்கினால், யாரையாவது கூப்பிட்டு மேலே ஒரு பூச்சு போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. தகடு தகடாக எழும்பி, துடைப்பம் பட்டாலே பெயர்ந்து வந்தது. பெயர்ந்த துண்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்படியே ஒட்டியிருந்தன. பூச்சில் குற்றமில்லை, அது பிடித்துக்கொள்ள அடியில் எதுவும் இல்லை. அதனால் இந்த வேலைக்கு ஆள் தேடும்போது நான் இப்போது முதலில் கேட்பது, பூசுவதற்கு முன்னால் என்ன செய்வார்கள் என்பதைத்தான்.

படி 1: முதலில் நீங்களே தட்டிப் பாருங்கள்

ஒரு சிறிய சுத்தியல், ஒரு பென்சில், ஒரு சாக்பீஸ் போதும். தளத்தை அரை அடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். மேல் அடுக்கு கீழிருந்து விலகியிருந்தால், உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் டொக்கென்று சத்தம் வரும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் படம் எடுத்துவையுங்கள். கண்ணுக்குத் தெரிகிற சேதத்தைவிட இந்த வட்டங்கள் பெரிதாக இருப்பது சகஜம்.

விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சில வாரம் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் அது இன்னும் அசைகிறது என்று பொருள். தாண்டாமல், தலைமுடி அளவில் மெல்லியதாக இருந்தால், அநேகமாகக் கான்கிரீட் காயும்போது சுருங்கியதால் வந்ததுதான். விரிசலின் ஒரு பக்கம் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தால், தளத்துக்கு அடியில் மண் இறங்கியிருக்கலாம். அதை எந்தப் பூச்சும் சரிசெய்யாது.

படி 2: யாரைக் கூப்பிடுவது?

தூண், உத்தரம், கூரைத் தளம் இவற்றில் கம்பி வெளியே தெரிந்தாலோ, தளம் தொய்ந்து நின்றாலோ, கான்ட்ராக்டரை நிறுத்திவைத்துவிட்டு முதலில் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் பழுதுபார்க்கும் வேலையை எடுத்துச் செய்கிறவராக இல்லாமல் இருப்பது நல்லது. தரை, நடைபாதை, படிக்கட்டின் மேற்பரப்பு போன்றவற்றுக்கு நேராகக் கான்ட்ராக்டரிடமே போகலாம்.

படி 3: மூன்று பேரையாவது நேரில் வரவழையுங்கள்

போனில் சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்கிறவரை விட்டுவிடுங்கள். நேரில் வருகிறவர் குனிந்து தட்டிப் பார்க்கிறாரா, நின்ற இடத்திலிருந்தே கணக்குச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் இந்தக் கேள்விகள்.

"பழைய தளத்தை எப்படித் தயார் செய்வீர்கள்?" வெறுமனே கூட்டிக் கழுவிவிடுவோம் என்றால் போதாது. டொக்கென்று ஒலித்த இடங்களைக் கெட்டியான கான்கிரீட் வரும்வரை கொத்தி எடுப்பது, எண்ணெய்க் கறையைப் போக்குவது, கிரைண்டரோ அழுத்த நீரோ கொண்டு மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவது, இவையெல்லாம் பதிலில் வரவேண்டும்.

"துருப்பிடித்த கம்பியை என்ன செய்வீர்கள்?" துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கான்கிரீட்டை உள்ளிருந்து பிளப்பது அதுதான். தெரிகிற பக்கத்தை மட்டும் தேய்த்துப் பூசினால் பின்பக்கத் துரு தன் வேலையைத் தொடரும். கம்பியைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி, முழுவதும் துரு நீக்கி, துரு தடுப்புப் பூச்சு அடித்த பிறகே கலவை வைக்க வேண்டும்.

"அசைகிற விரிசலை எதால் அடைப்பீர்கள்?" அசையாத விரிசலுக்கு எபாக்ஸி (கலந்ததும் கல்போல் இறுகும் பிசின்) ஏற்றுவது சரி. அசைகிற விரிசலுக்கு ரப்பர்போல் இழுபடும் சீலன்ட் (அடைப்புப் பசை) வேண்டும். எல்லாவற்றுக்கும் சிமெண்ட் பால் என்று பதில் வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். தளத்தில் வேண்டுமென்றே விட்டிருக்கும் இணைப்பு இடைவெளிகளைப் புதுப் பூச்சிலும் அதே இடத்தில் விடுவாரா என்றும் கேளுங்கள். மூடிவிட்டால் அதே கோட்டில் பூச்சு பிளக்கும்.

பழைய வேலைகளைப் பார்க்கக் கேட்கும்போது, போன மாதம் முடித்ததைக் காட்டினால் பயனில்லை. எந்தப் பூச்சும் முதல் மாதத்தில் அழகுதான். குறைந்தது இரண்டு வருடம் வெயிலும் மழையும் பார்த்த தளத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

படி 4: கொட்டேஷனில் மூட்டைக் கணக்குப் போடுங்கள்

சிமெண்ட் சார்ந்த பூச்சு ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் 2 கிலோ பிடிக்கும். 20 சதுர மீட்டர் தளத்தில் 5 மில்லிமீட்டர் என்றால் 200 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை எட்டு. கொட்டேஷனில் நான்கு மூட்டைதான் இருக்கிறதென்றால் கனம் பாதியாகிறது, அல்லது உள்ளே வேறு ஏதோ கலக்கப்படுகிறது. சரியான அளவு மூட்டையின் மேலேயே அச்சிட்டிருக்கும், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கொத்தத் தொடங்கிய பிறகு சேதம் அதிகம் என்று தெரியவரலாம். அது கான்ட்ராக்டர் தவறல்ல. அந்தக் கூடுதல் வேலைக்குச் சதுர அடி விலையை இப்போதே எழுதி வாங்குங்கள். பாதி உடைத்த தளத்தில் நின்றுகொண்டு பேரம் பேசினால் நமக்குத்தான் நஷ்டம். இடிபாட்டை அள்ளிப்போவது யார் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

படி 5: பணம்

மொத்தத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். கொத்திச் சுத்தம் செய்ததும் ஒரு பகுதி, பூச்சு முடிந்ததும் ஒரு பகுதி, கடைசிப் பகுதி சோதித்த பிறகு. உத்தரவாதம் தருகிறார் என்றால் எத்தனை மாதம், எதற்கு (உரிவதற்கா, விரிசலுக்கா) என்று எழுத்தில் வேண்டும்.

படி 6: வேலை நடக்கும் நாளில்

கொத்தி முடித்ததும், பூசுவதற்கு முன் நீங்கள் பார்த்தே ஆகவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். அந்த ஒரு மணி நேரம் அலுவலகத்துக்கு லீவு போட்டாலும் தகும். பூசிய பிறகு உள்ளே இருப்பதை யாராலும் பார்க்க முடியாது.

சிமெண்ட் பூச்சென்றால் அடித்தளம் நனைந்திருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. எபாக்ஸி என்றால் பொதுவாக உலர்ந்திருக்க வேண்டும். கலவைக்குத் தண்ணீரை அளந்து ஊற்றச் சொல்லுங்கள். இழைக்கச் சுலபமாக இருக்கிறதென்று கூடுதலாக ஊற்றினால் பூச்சு பலவீனமாகிச் சுருங்கி வெடிக்கும். உச்சிவெயிலில் பூச வேண்டாம். எத்தனை நாள் நனைத்துவைப்பது என்பது சரக்குக்குச் சரக்கு மாறும், மூட்டையில் போட்டிருப்பதே கணக்கு.

காய்ந்த பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, எங்காவது தேங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் அதே சுத்தியலை எடுத்து, படி 1இல் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வட்டமிட்ட இடங்களை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். எல்லா இடத்திலும் கணீரென்று கேட்டால் கடைசிப் பணத்தைக் கொடுத்துவிடலாம்.