மலை ஏரியில் மோட்டார் படகு இழுக்கவில்லையா? புரொப்பல்லரைப் பார்க்கும் முறை

பைக்காரா பக்கம் படகு எஞ்சின்களோடு மல்லுக்கட்டுகிறவன் நான். சீசன் நேரத்தில் அடிக்கடி காதில் விழுவது ஒரே புகார்தான்: "அண்ணே, எஞ்சின் ஓடுது, படகு போகல." உடனே எஞ்சின் மூடியைத் திறந்து கார்புரேட்டரை நோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் தண்ணீருக்குள் சுற்றும் அந்த மூன்று இறக்கைப் புரொப்பல்லரைப் பாருங்கள். அதைக் கழற்றும் முன்பே என்ன கோளாறு என்பதைச் சத்தத்தை வைத்துப் பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

எதைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் நியூட்ரலில் போட்டு, எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச் கயிற்றை உருவி, ஸ்பார்க் பிளக் மூடியையும் கழற்றிவிடுங்கள். கையால் புரொப்பல்லரைச் சுற்றும்போது சூடான எஞ்சின் ஒருமுறை பிடித்துக்கொண்டால் போதும், விரல் போய்விடும்.

சரி, சத்தத்துக்கு வருவோம். திராட்டிலைத் திருகினால் எஞ்சின் மட்டும் கத்துகிறது, படகு நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றால், சிறிய எஞ்சின்களில் பெரும்பாலும் புரொப்பல்லரைத் தண்டோடு பிணைக்கும் ஷியர் பின் உடைந்திருக்கும். கட்டையிலோ பாறையிலோ இடித்தால் கியரைக் காப்பாற்றுவதற்காக உடைவதுதான் அந்தப் பின்னின் வேலை. அதற்குப் பதிலாக ஆணியை வெட்டிச் செருகாதீர்கள். நானே ஒருமுறை அவசரத்துக்கு அப்படிச் செருகிவிட்டு, அடுத்த இடியில் ஆணி அப்படியே இருக்க, உள்ளே கியர் பல் போய், பின்னுக்குச் சில்லறையோடு முடியவேண்டிய செலவு ஆயிரக்கணக்கில் போனது.

கொஞ்சம் பெரிய எஞ்சின்களில் பின் கிடையாது. ஹப்புக்குள், அதாவது இறக்கைகள் சேரும் நடுக்குடத்துக்குள், ஒரு ரப்பர் புஷ் இருக்கும். அது வழுக்க ஆரம்பித்தால் மெதுவாகப் போகும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும், வேகம் கூட்டினதும் எஞ்சின் மட்டும் ஏறும். சந்தேகமாக இருந்தால் உள் ஹப்பையும் வெளி ஹப்பையும் சேர்த்து பெயின்டால் நேர்க்கோடு ஒன்று போடுங்கள். ஒரு சுற்று வேகமாகப் போய்விட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. அன்றைக்கு மெதுவாக ஓட்டிக் கரை சேரலாம், மறுநாள் மாற்றியே ஆகவேண்டும்.

இதே கத்தல் சத்தம் விட்டு விட்டு வந்தால் கதை வேறு. சுற்றுலா வந்த குடும்பம் மொத்தமும் செல்ஃபிக்காகப் படகின் மூக்குக்குப் போய்விடும், பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், புரொப்பல்லர் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். ஆட்களைப் பின்னால் உட்காரச் சொன்னாலே சரியாகிவிடும். அப்படியும் போகவில்லை என்றால், புரொப்பல்லருக்கு மேலே கிடைமட்டமாக இருக்கும் தகட்டைப் பாருங்கள், அது படகின் அடிமட்டத்துக்கு ஏறக்குறைய நேராக இருக்கவேண்டும். 20 அங்குல உயரப் பின்பலகையில் 15 அங்குலத் தண்டு எஞ்சினை மாட்டியிருந்தால் என்ன செய்தாலும் காற்றைத்தான் குடிக்கும்.

அடுத்தது உதறல். இறக்கை வளைந்திருக்கலாம், அல்லது ஏதோ சுற்றியிருக்கலாம். உதகை ஏரியில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் சுற்றுவது புதிதில்லை, அதெல்லாம் கண்ணுக்குத் தெரியும், ரிவர்ஸில் ஒரு தட்டு தட்டினாலே பாதி அவிழ்ந்துவிடும். தெரியாமல் இருப்பது தூண்டில் நரம்பு. அது புரொப்பல்லருக்குப் பின்னால் இருக்கும் வாஷருக்கும் ஆயில் சீலுக்கும் நடுவில் போய், சூட்டில் இளகி, கண்ணாடி வளையல் மாதிரி இறுகிக் கிடக்கும். போன கோடையில் ஒரு எஞ்சினில் கத்தி முனையால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன், வந்தது சுண்டுவிரல் நகம் அளவுதான், ஆனால் அதற்குள் சீல் போய்விட்டிருந்தது. கியர் ஆயிலைக் கீழ்த் திருகைத் திறந்து கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். சீலை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை.

நரம்பும் இல்லை என்றால் ஒரு பென்சிலை இறக்கை நுனிக்குப் பக்கத்தில் அசையாமல் கட்டிவைத்து, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மூன்று நுனிக்கும் இடைவெளி ஒரே மாதிரி இருக்கவேண்டும். சின்னச் சொட்டை என்றால் அரத்தால் தேய்த்துச் சமன் செய்யலாம். விரிசல் இருந்தால் தூக்கிப் போடுங்கள். புரொப்பல்லரைக் கழற்றிய பிறகு தண்டு தனியாகச் சுற்றும்போதே ஆடினால் அது பட்டறை வேலை, சுத்தியலை எடுக்காதீர்கள்.

கழற்றுவது பெரிய வித்தை இல்லை. நட்டு கழலாமல் பிடிக்கும் ஸ்ப்ளிட் பின்னை உருவி, இறக்கைக்கும் மேல் தகட்டுக்கும் நடுவில் மரக்கட்டையை அண்டக்கொடுத்து நட்டைத் திருகவேண்டும். கீழே ஒரு சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். ஜனவரிக் குளிரில் மரத்துப்போன விரலிலிருந்து நழுவும் வாஷர் நேராக ஏரிக்குத்தான் போகும். எது முன்னால், எது பின்னால் என்று போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் மாட்டும்போது குழப்பமில்லை. திரும்ப மாட்டும்போது தண்டின் பற்களில் கிரீஸ் தடவுங்கள், ஸ்ப்ளிட் பின் புதிதாகவே போடுங்கள்.

இனி மலைக்காரர்களுக்கு மட்டும் உள்ள தலைவலி. கடற்கரையில் நன்றாக ஓடிய படகை ஒரு நண்பர் மேலே கொண்டுவந்தார். உதறல் இல்லை, எதுவும் சுற்றியிருக்கவில்லை, புரொப்பல்லர் புதுசு. ஆனாலும் முழுத் திராட்டிலில் நிமிடத்துக்கு 4500 சுற்றைத் தாண்டவில்லை. அந்த எஞ்சினுக்கு 5000 முதல் 6000 வரை போகவேண்டும். எஞ்சினிலும் கோளாறு இல்லை, காற்றுதான் மெலிசு. உயரம் ஒவ்வொரு 300 மீட்டர் கூடும்போதும் சாதாரண எஞ்சினின் சக்தி சுமார் 3 சதவீதம் குறையும். உதகை 2240 மீட்டர், ஆக ஐந்தில் ஒரு பங்கு சக்தி ஏறி வரும்போதே போய்விட்டது. ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைத்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் காற்றைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

இதற்கு மருந்து பிட்ச் குறைந்த புரொப்பல்லர். பிட்ச் என்றால் ஒரு சுற்றுக்கு வழுக்கல் இல்லாமல் எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு. ஹப்பில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும், முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச். பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் எஞ்சின் ஏறக்குறைய 200 சுற்று கூடும். நண்பருடையது 13, அதை 10 ஆக்கினோம், 5100 வந்தது. கீழே ஓடிய வேகம் வராது, அதை மறந்துவிடுங்கள், ஆனால் ஆள் ஏற்றினாலும் எஞ்சின் திணறாது. பிளக் கருப்பாகக் கரி பிடித்திருந்தால் பெட்ரோலை அளந்து விடும் கார்புரேட்டர் ஜெட்டையும் சிறிதாக்கவேண்டியிருக்கும். திரும்பக் கீழே கொண்டுபோகும்போது பழைய புரொப்பல்லரையும் பழைய ஜெட்டையும் மறக்காமல் மாட்டுங்கள், இல்லையென்றால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றும், அதைவிட மோசம் ஜெட், பெட்ரோல் போதாமல் பிஸ்டன் சூடேறும்.

படகில் எப்போதும் ஒரு டப்பா வைத்திருங்கள்: இரண்டு ஷியர் பின், நாலைந்து ஸ்ப்ளிட் பின், ஒரு நட், குறடு, அந்த மரக்கட்டை. கூடவே துடுப்பு. மதியத்துக்கு மேல் மிஸ்ட் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் கரை தெரியாது, அந்த நேரத்தில் நடு ஏரியில் குனிந்து நட்டைக் கழற்றிக்கொண்டிருக்காமல் துடுப்பைப் போட்டு வந்துசேருங்கள்.