எழுத்தாளர் வருகையும் புத்தகம் கட்டும் பட்டறையும்: வேலூர் வட்டாரக் கல்லூரிகளுக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரித் தமிழ் மன்றமோ நூலகமோ ஓர் எழுத்தாளரை அழைக்கும்போது அழைப்பிதழ் அச்சாகிறது, அரங்கு நிறைகிறது, பொன்னாடை போர்த்தப்படுகிறது. ஆனால், வந்தவர் எழுதியதில் ஒரு பக்கத்தையாவது படித்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், கிடைக்கும் விடை பெரும்பாலும் வருத்தம் தருவதாகவே இருக்கும். அந்த வருகையோடு புத்தகம் கட்டும் பட்டறையையும் இணைத்து, வரப்போகும் எழுத்தாளரின் ஒரு சிறுகதையையோ சில கவிதைகளையோ மாணவர்களே தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து (அச்சுப்படியில் பிழை திருத்தி), மடித்து, தைத்து ஒரு சிறு நூலாக்கினால் இந்தக் குறை தீரும். படிக்காமல் அப்படியொரு நூலை உருவாக்க முடியாது என்பதே இதன் பெரும்பயன். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்து நிற்கும் பழைய வேலூர் மாவட்டப் பகுதியில் இதற்கான பொருள்களும் கைத்திறனும் அருகிலேயே கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தி நிகழ்ச்சியை நடத்தும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நவம்பரும் ஏப்ரலும் பருவத் தேர்வுக் காலம். ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டிவிடும் என்பதால், மின்விசிறிகளை மட்டும் நம்பியிருக்கும் அரங்கில் எவராலும் மனமொன்றிக் கேட்க இயலாது. ஆகஸ்டு பிற்பகுதி முதல் செப்டம்பர் வரையிலும், பொங்கல் விடுமுறைக்குப் பின் பிப்ரவரி முடியும் வரையிலும் ஏற்ற காலம். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரம்; வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் கல்லூரிகளில் அந்த நேரத்தில் எதையும் வைக்கக் கூடாது; மற்றக் கல்லூரிகளும் அதே ஒழுங்கைப் பின்பற்றுவது நல்லது. பௌர்ணமி நாளில் கிரிவலத்துக்குச் செல்வோர் கூட்டத்தால் திருவண்ணாமலைத் தடத்துப் பேருந்துகள் நிரம்பி வழியும் என்பதால், கணியம்பாடி, கண்ணமங்கலம் பக்கத்திலிருந்து வரும் மாணவர்கள் அன்று வீடு திரும்ப மிகவும் சிரமப்படுவார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, ஒடுகத்தூர் போன்ற ஊர்களிலிருந்து நாள்தோறும் வந்து போகிறவர்களையும் எண்ணிப் பார்த்து, முதன்மை நிகழ்ச்சியைக் காலை 10 மணிக்குத் தொடங்கி 1 மணிக்குள் முடித்துவிட வேண்டும். இரண்டு ஷிப்டுகளாக இயங்கும் கல்லூரியானால், இரண்டாம் ஷிப்டு மாணவர்கள் விடுபட்டுப் போகாதபடி துறைத்தலைவர்களிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

அழைப்புக் கடிதத்தை இரண்டு மாதத்துக்கு முன்பே அனுப்புங்கள். நாள், நேரம், கேட்போர் எந்தத் துறையினர், ஏறத்தாழ எத்தனை பேர், அவர் எவ்வளவு நேரம் பேச வேண்டும், சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ இரயிலில் வந்தால் காட்பாடி சந்திப்பில் யார் வந்து அழைத்துச் செல்வார், எங்கே தங்கவைப்பீர்கள் என்பவற்றை அந்தக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். மதிப்பூதியம் எவ்வளவு என்பதைத் தொகையாகவே குறிப்பிடுங்கள். எழுத்தாளர்களில் பலர் தாமாகக் கேட்கக் கூச்சப்படுவார்கள். கேட்காததை வைத்து அவர்களுக்கு வேண்டாம் என்று முடிவு செய்வது முறையன்று. நிகழ்ச்சி முடிந்தபின் கையில் திணிக்கப்படும் உறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஒருவர் ஊர் திரும்பும் நிலையை எந்தக் கல்லூரியும் உண்டாக்கக் கூடாது.

அதே கடிதத்திலோ அடுத்ததிலோ, சிறு நூலுக்கான இசைவைக் கேட்க வேண்டும். இந்தியச் சட்டப்படி, நூலாசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுகள் வரை அவருடைய எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு. உயிரோடிருப்பவரின் படைப்பு என்றால் அவருடைய இசைவு தேவை. அது ஏற்கெனவே நூலாக வந்திருந்தால் பதிப்பகத்தின் இசைவையும் பெறுவதே பாதுகாப்பு. எத்தனை படிகள் (பிரதிகள்), விற்பனைக்கு அல்ல, எவரெவருக்குத் தரப்படும் என்று தெளிவாக எழுதிக் கேட்டால் மறுப்பவர் அரிது. 16 பக்கச் சிறு நூலில் தலைப்புப் பக்கம், அச்சு விவரப் பக்கம் போக 14 பக்கங்கள் கிடைக்கும். 12 புள்ளி எழுத்தில், தாராளமான ஓரம் விட்டு, ஏறத்தாழ 2000 சொற்கள் அடங்கும். இந்த அளவை எழுத்தாளரிடம் சொல்லி, எதைச் சேர்க்கலாம் என்பதை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

படைப்பு வந்து சேர்ந்ததும் படிக்கும் வேலை தொடங்குகிறது. பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்பாக வந்தால் யூனிகோடுக்கு மாற்றும்போது ஒற்றுகளும் கொம்புகளும் இடம் மாறக்கூடும். ஆகையால் மாற்றிய கோப்பை மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட வேண்டும். அச்சகங்களில் இதற்கென்றே ஒரு நல்ல வழக்கம் இருந்தது: ஒருவர் மூலத்தை நிறுத்தக்குறிகளோடு உரக்கப் படிக்க, மற்றொருவர் மெய்ப்பில் கண்ணோட்டித் திருத்துவார். மாணவர்களை இருவர் இருவராக அமர்த்தி இதைச் செய்யச் சொல்லுங்கள். அடுத்த முறை படிப்பவரும் திருத்துபவரும் இடம் மாறிக்கொள்ளட்டும். எந்த விளக்க வகுப்பும் தராத நெருக்கத்தை இந்த உரத்த வாசிப்பு தருகிறது. ‘இந்த வாக்கியத்தை ஏன் இங்கே நிறுத்தினார்?’ என்ற கேள்வி மெய்ப்பு மேசையில்தான் எழும், அதைக் குறித்துவைத்து எழுத்தாளர் வரும் நாளில் கேட்கலாம்.

தாள், மடிப்பு, தையல்

நான்கு ஏ4 தாள்களை ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் 16 பக்கங்கள் வரும். தாளில் எந்தப் பக்கத்துக்கு அருகில் எது வரவேண்டும் என்பதில் பலரும் குழம்புகிறார்கள். ஒரே எளிய விதி போதும்: அருகருகே அச்சாகும் இரண்டு பக்க எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 17. வெளித்தாளின் ஒருபுறம் 16-உம் 1-உம், மறுபுறம் 2-உம் 15-உம். அடுத்த தாளில் 14-உம் 3-உம், பின்புறம் 4-உம் 13-உம். இப்படியே போய் உள்தாளின் உட்புறத்தில் 8-உம் 9-உம் சந்திக்கும். வெறும் தாளை மடித்து, பென்சிலால் பக்க எண் எழுதி, பிரித்துப் பார்க்கச் சொன்னால் மாணவர்கள் இதைத் தாமே கண்டுபிடித்துவிடுவார்கள். விதியை அதன்பின் சொல்லுங்கள்.

தாளுக்கு இழையோட்டம் உண்டு; அதாவது அதன் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால் ஒரு திசையில் எளிதாக வளையும். அந்தத் திசையில் மடித்தால் மடிப்பு உடையாமல் படியும், நூலும் விரித்த இடத்தில் அமைதியாகக் கிடக்கும். கடைகளில் கிடைக்கும் ஏ4 தாளில் இழை பொதுவாக நீளவாக்கில் ஓடுவதால், நடுமடிப்பு இழைக்குக் குறுக்கே விழுகிறது. நான்கு தாள் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தாள் கடையில் மேப்லித்தோ என்னும் அச்சுத்தாளைப் பெரிய தாளாக வாங்கி, இழை குறுகிய பக்கத்துக்கு இணையாக வரும்படி கட்டிங் இயந்திரத்தில் வெட்டித் தரச் சொன்னால் நூலின் தோற்றமே மாறிவிடும். இந்தச் சிறு செலவைத் தவிர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

தையலுக்கு மூன்று துளைகள் போதும். மடிப்பின் நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து மூன்று சென்டிமீட்டர் உள்ளே ஒவ்வொன்று எனக் குத்தூசியால் உட்புறமிருந்து துளையிட வேண்டும். நூலின் உயரம் 21 சென்டிமீட்டர் என்றால் 55 சென்டிமீட்டர் தையல் இழை எடுத்து, நடுத்துளை வழியாக உள்ளிருந்து வெளியே ஊசியை விட்டு, உள்ளே ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் இழையை மிச்சம் வையுங்கள். வெளியே வந்த ஊசி மேல்துளை வழியாக உள்ளே போகும். உள்ளே நடுத்துளையைத் தாண்டிச் சென்று கீழ்த்துளை வழியாக வெளியே வரும். வெளியிலிருந்து மீண்டும் நடுத்துளை வழியாக உள்ளே நுழையும். இப்போது உட்புறத்தில் ஓடும் நீண்ட இழையின் ஒருபுறம் ஒரு முனையும் மறுபுறம் மற்றொரு முனையும் இருக்குமாறு பார்த்து, இறுக்கி முடிச்சிட வேண்டும். இழையை மடிப்பின் போக்கிலேயே இழுக்க வேண்டும். செங்குத்தாக இழுத்தால் தாள் கிழியும். தேன்மெழுகில் ஒருமுறை உருவிய பருத்தி நூலோ, காலணி தைக்கும் மெழுகு நூலோ பொருத்தமானது.

அட்டைக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் நடப்பதால், வெட்டி எஞ்சிய தோல் துண்டுகளைக் கேட்டுப் பெறலாம். ஆனால் எல்லாத் தோலும் புத்தகத்துக்கு உதவாது. குரோம் உப்பில் பதனிட்ட தோல் காலணிக்குச் சிறந்தது. புத்தக அட்டையில் சூடான அச்சால் எழுத்தோ கோலமோ பதிக்க, தாவரச் சாற்றில் பதனிட்ட ஆட்டுத்தோலே இணங்கும். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை ஊறிய நீரில் தோலைப் பதனிட்டதும் இதே மண்ணில்தான் என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த தோலானால் மடியும் ஓரத்தைச் சீவி மெல்லிதாக்க வேண்டும். அதற்குப் பழகிய கை தேவை. தோலைத் தொட விரும்பாத மாணவர்கள் இருப்பார்கள், அவர்களை வற்புறுத்தக் கூடாது. குடியாத்தத்து லுங்கித் துணி அவர்களுக்கு அழகான அட்டையாகும். துணியைத் தனியாக ஒட்டினால் பசை இழைகளுக்கிடையே வெளியே கசிந்து கறைபடும். முதலில் அதன் பின்புறத்தில் மெல்லிய தாளை ஒட்டி உலர்த்தி, பிறகு அட்டையில் ஒட்டுங்கள். பைண்டர்கள் மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். அது நஞ்சு, விடுதிச் சமையலறைப் பாத்திரத்தில் அதைக் காய்ச்சவே கூடாது, வேலை முடிந்ததும் கைகளை நன்றாகக் கழுவ வேண்டும். ஒட்டிய அட்டைகளைக் கனமான அகராதிகளுக்கு அடியில் ஓர் இரவு முழுவதும் வைத்தால் வளையாமல் உலரும்.

வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளில் உருது எழுத்தாளரையும் உடன் அழைக்கும் வாய்ப்பு இருந்தால் விட்டுவிடாதீர்கள். உருது நூல் வலப்புறத்திலிருந்து திறப்பதால், ஒரே நூலின் ஒரு பக்கம் தமிழுக்கும் மறுபக்கம் உருதுக்கும் முகப்பாகிவிடும்; நூலைத் தலைகீழாகத் திருப்பவே தேவையில்லை, இரண்டு படைப்புகளும் நடுத்தையலில் வந்து சந்திக்கும்.

ஊரில் ஈய எழுத்தும், காலால் மிதித்து இயக்கும் டிரெடில் அச்சு இயந்திரமும் இன்னும் வைத்திருக்கும் அச்சகம் கிடைத்தால், அட்டைத் தலைப்பை மட்டுமாவது அங்கே கோத்து அடிக்கச் சொல்லுங்கள். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்கள் அந்த எழுத்துப் பெட்டிகளில் இருக்கக்கூடும். மாணவர்கள் வியந்து கேட்பார்கள், விளக்க நேரம் ஒதுக்குங்கள். அந்த எழுத்துகள் ஈயமும் ஆண்டிமனியும் வெள்ளீயமும் கலந்தவை என்பதால் தொட்ட கையோடு உணவருந்தக் கூடாது.

மேடையில் யார் அமர்வது

பட்டறையை எழுத்தாளர் வருவதற்கு முந்தைய நாள் நடத்தி, பயிற்சி தர ஊரிலுள்ள பைண்டர் ஒருவரையோ ஓய்வு பெற்ற கம்பாசிட்டர் (அச்செழுத்துக் கோப்பவர்) ஒருவரையோ அழைக்க வேண்டும். அவருக்கும் எழுத்தாளருக்கு அனுப்பியதைப் போன்றே கடிதம் அனுப்புங்கள். அவர் கடையை ஒரு நாள் மூடிவிட்டு வருகிறார் என்பதை நினைவில் கொண்டு, எழுத்தாளருக்கு ஒரு நாளைக்கு என்ன மதிப்பூதியமோ அதையே அவருக்கும் தாருங்கள். மறுநாள் எழுத்தாளருக்குப் பக்கத்து நாற்காலியில் அவரை அமர்த்தி, அழைப்பிதழிலும் அச்சு விவரப் பக்கத்திலும் அவர் பெயரை அதே அளவு எழுத்தில் போடுங்கள். தோலையும் பசையையும் தொட்டு வேலை செய்பவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியே பழகிய சமூகத்தில், ஒரு கல்லூரி மேடை இதைச் செய்வது மாணவர் மனத்தில் ஆழமாகப் பதியும். இந்த வழிகாட்டியில் வேறு எதை விட்டாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

நிகழ்ச்சி நாளில் தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள் எல்லாம் சேர்த்து இருபது நிமிடத்துக்குள் முடியட்டும். எழுத்தாளர் நாற்பது நிமிடம் பேசட்டும். அதே அளவு நேரம் கேள்விகளுக்கு வேண்டும். முதல் கேள்வியை மெய்ப்புப் பார்த்த மாணவி ஒருவர் கேட்பதென்று முன்பே பேசி வைத்தால் தயக்கம் உடையும். ஒலிவாங்கியைப் பின்வரிசைக்கும் கொண்டுபோக ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஆசிரியர்கள் முந்திக்கொண்டு நீண்ட கேள்வி கேட்பதைத் தவிர்க்க வேண்டும். பிறகு தைக்காத சில படிகளை மேசைமீது வைத்து, விரும்பினால் எழுத்தாளரும் ஒரு படியைத் தைக்கலாம் என்று அழையுங்கள். பேச்சைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றுவதானால் முன்கூட்டியே இசைவு பெற வேண்டும். அவருடைய நூல்களைப் பதிப்பகத்திடமிருந்து, விற்றது போக மீதியைத் திருப்பித் தரும் ஏற்பாட்டில் வாங்கி வாசலில் வைத்தால் மாணவர்கள் கழிவு விலையில் பெற்றுக்கொள்வார்கள்.

கல்லூரியின் தரச்சான்றுக் கோப்புக்கான, எடுத்த இடம் பதிவாகியுள்ள புகைப்படங்கள், வருகைப் பட்டியல், ரசீதுகள் ஆகியவற்றை அன்றே ஒரு மாணவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். தைத்த படிகளில் பத்து எழுத்தாளருக்கும், ஐந்து பைண்டருக்கும், ஒவ்வொன்று வேலை செய்த ஒவ்வொரு மாணவருக்கும் சேர வேண்டும். மூன்று படிகள் சேர்க்கை எண் இடப்பட்டு, அட்டவணையில் பதிவாகிக் கல்லூரி நூலகத்தின் அலமாரிக்குச் செல்ல வேண்டும். ஒரு படியை வேலூர் மாவட்ட மைய நூலகத்துக்கு அன்பளிப்பாக அனுப்பலாம். பயணச் செலவையும் மதிப்பூதியத்தையும் நிகழ்ச்சி நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். அலுவலக நடைமுறையால் தாமதமாகும் என்றால் எந்தத் தேதிக்குள் வங்கிக் கணக்கில் சேரும் என்பதை முதல்வர் கையொப்பமிட்ட கடிதமாக எழுத்தாளர், பைண்டர் இருவரிடமும் ஊர் திரும்பும் முன்பே தந்துவிடுங்கள்.